அட்டையில் போட்டிருந்த வியாதி

டாக்டர் மாத்திரை அட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மீசை இன்னும் சரியாக அடர்ந்திராத இளைஞர்.

"இது வலிப்பு மாத்திரைதானே சார்?"

"மாத்திரை அதுதான். ஆனா அவளுக்கு வலிப்பு கிடையாது."

"வலிப்பு இல்லாமயா வலிப்பு மாத்திரை சாப்பிடறாங்க?"

"வேற ஒண்ணுக்குக் கொடுத்தது."

"வேற எதுக்கு?"

திரைக்குப் பின்னால் அவன் மனைவி படுத்திருந்தாள். அவள் வேலை பார்த்த கடையிலிருந்து போன் வந்ததும் அவன் தன் வேலையிடத்திலிருந்தும், மாமனார் தன் வீட்டிலிருந்தும் ஓடி வந்திருந்தார்கள். மாமனார் காலில் இரண்டு செருப்பும் வேறு வேறு ஜோடி. அவர் காதுபட இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"குடியை நிறுத்தறதுக்கு," என்றான்.

டாக்டர் பொறுமையாகச் சிரித்தார். "அதுக்கு வேற மாத்திரை இருக்கு சார். இது வலிப்புக்கு. இங்கயே போட்டிருக்கு, பாருங்க."

"போட்டிருக்கறது எனக்கும் தெரியும். மனநல டாக்டர் தெரிஞ்சேதான் கொடுத்தார். இதுக்கும் கொடுக்கறது உண்டுன்னார். காலையில தலைவலின்னு சொன்னா, எப்பவும் வர்ற வலி மாதிரி இல்லன்னு. தலையை ஸ்கேன் எடுங்க."

"கூட்டிட்டு வந்த அம்மா வலிப்புன்னுதான் சொன்னாங்க. ஏற்கெனவே இருக்காம். வந்து போன பிறகு இப்படி அசந்து தூங்கறது சகஜம்."

"அவளுக்கு வலிப்பே கிடையாதுங்க."

"சரி சார், டென்ஷன் ஆகாதீங்க. சீனியர் வரட்டும்."

மாமனார் அவன் சட்டைக் கையைப் பிடித்தார். "யாரு குடிச்சா?"

அவன் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் பிடியை விடவில்லை.

"என் பொண்ணா?"

சீனியர் வந்ததும் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் குரல் மாறியது. ஸ்கேன் அறை மேல்மாடியில் இருந்தது. படுக்கையை லிஃப்டுக்குள் தள்ளினார்கள். கதவு மூடப் போய்த் திறந்தது, மறுபடி மூடப் போய்த் திறந்தது. தள்ளிவந்த ஆள் பொத்தானைக் குத்திக்கொண்டே இருந்தார். லிஃப்ட் பராமரிப்பதுதான் அவன் வேலை. கதவு விளிம்பிலிருந்த சென்சாரைக் கைக்குட்டையால் துடைத்தான். தூசிதான். கதவு மூடிக்கொண்டது. அன்று அவன் செய்ததில் பலித்தது அது ஒன்றுதான்.

மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. "தூக்கமில்ல அது. விழுந்த உடனே கொண்டு வந்திருந்தா..." என்றார் சீனியர். மீதியைக் கையை விரித்துச் சொன்னார். சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏன் குடித்தாள் என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. காரணம் ஒன்று இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். துணி துவைக்கிற அறையில் சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் பாட்டில் இருந்தது, அவ்வளவுதான் தெரியும். அவளேதான் ஒரு நாள் அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, "என்னால நிறுத்த முடியல. என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போ," என்றாள்.

மனநல டாக்டர் முதலில் கொடுத்த மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு இதை எழுதினார். "அட்டையில வலிப்புன்னுதான் போட்டிருக்கும், பயப்படாதீங்க. மூளை ரொம்பக் கூச்சல் போட்டா அதைக் கொஞ்சம் அடக்கற மருந்து இது. அதனால சில பேருக்கு இதுக்கும் கேட்கும். பார்க்கலாம்," என்றார்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "வந்த வியாதியை வெளிய சொல்ல முடியாது. வராத வியாதிக்கு அட்டையே போட்டுக் கொடுத்திருக்காங்க. நல்ல கூத்து."

மருந்து கேட்டது. முழுசாக இல்லை, ஆனாலும் கேட்டது. "இப்பவும் குடிக்கணும்னு தோணுது. ஆனா பக்கத்து வீட்டு டிவி மாதிரி கேக்குது. நம்ம வீட்ல இல்ல," என்பாள். மாத்திரையால் விரல் நுனி மரத்துப்போகும். சோடா சப்பென்றிருக்கிறது என்பாள். வார்த்தை பாதியில் காணாமல் போகும். "அந்த... கதவுல தொங்குமே... தொறக்கறது..." என்று கையைத் திருகிக் காட்டுவாள். சாவி என்று அவன் எடுத்துக் கொடுப்பான்.

அவள் வேலை பார்த்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். கூட இருந்த பெண்மணி வயதில் மூத்தவர். வருகிறவர்களை உட்காரவைத்துப் பலகையிலுள்ள எழுத்துகளை வாசிக்கச் சொல்லும் அதட்டலைக் கேட்டு, அவள்தான் டீச்சர் என்று பட்டம் வைத்தாள். கடையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. பொடி எழுத்தைப் படிப்பது டீச்சரின் தொழில். ஒரு மத்தியானம் அவள் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த அட்டையை எடுத்துப் படித்துவிட்டார். "ஐயோ, உனக்கு வலிப்பா?" என்றார்.

அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

"வேற என்ன சொல்றது? வலிப்புன்னா ஐயோ பாவம்பாங்க. குடின்னா கல்லாச் சாவியை வாங்கிக்குவாங்க," என்றாள் அன்று இரவு. அவனும் அவளோடு சேர்ந்து சிரித்தான்.

அவள் இறந்த மறுநாள் காலையில் இறுதிச் சடங்கு முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். வாடகை நாற்காலிகள் வாசல்வரை கிடந்தன. மாமனார் கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் உடலை வாங்கக் காத்திருந்தபோது, "செத்தவளைப் பத்தி இப்படிச் சொல்ல உனக்கு எப்படி நாக்கு வந்துது?" என்று கேட்டவர்தான், அதன் பிறகு அவனோடு பேசவில்லை. அதுவரை அவனை மாப்பிள்ளை என்றல்லாமல் அவர் கூப்பிட்டதில்லை.

மாடி வீட்டம்மா டீ டம்ளரை நீட்டினார். "என்ன லட்சணமான பொண்ணு. உள்ள இப்படி ஒரு வலிப்பு இருந்திருக்கே, யாருக்குத் தெரியும்?"

"வலிப்பு இல்லைங்க. மூளையில ரத்தக்குழாய்."

"அதான்பா. வலிப்பு வந்து வெடிச்சிருக்கும். டீ ஆறுது, குடி."

அவனுடைய மேலாளர் வந்தார். தோளில் கை வைத்தார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? வலிப்பு உள்ளவங்களைத் தனியா அனுப்பலாமா?"

"அவளுக்கு வலிப்பு இல்ல சார்."

"சரி சரி. இப்ப எதுவும் பேசாத."

யாரிடம் சொன்னாலும் தலையாட்டினார்கள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கதவு திறக்கிற பொத்தானை அழுத்தினால் கதவு மூடுகிற லிஃப்ட் ஒன்றை அவன் ஒரு முறை பார்த்திருக்கிறான். வயரை மாற்றிச் செருகியிருந்தார்கள், அரைமணி வேலை. இதில் எந்த வயரை எங்கே மாற்றுவது என்று தெரியவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போலிருந்தது. ஆறிய டீயைக் குடித்தான்.

கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் வந்தார். கையில் ஒரு துணிப்பை. கண் வீங்கியிருந்தது. அவன் இழுத்துப்போட்ட நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார்.

"தம்பி, நேத்து உங்ககிட்ட சரியா பேசக்கூட முடியல. என்ன நடந்துதுன்னு நான் சொல்லிடறேன். அப்புறம் நீங்க சொல்லுங்க."

"சொல்லுங்க அக்கா."

"காலையில கடை திறந்ததும் ஃப்ரேம் தொடச்சிட்டிருந்தா. தலையைப் பிடிச்சா, அப்படியே சரிஞ்சா. கை காலெல்லாம் உதறல். எனக்குத் தெரியும் தம்பி, என்னைக்காவது ஒரு நாள் வரும்னு. பேசிட்டு இருக்கும்போதே வார்த்தை நின்னுபோகும் அவளுக்கு, நான் கவனிச்சிருக்கேன். அதுக்காகவே வீடியோ எல்லாம் பார்த்து வெச்சிருந்தேன். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். நாற்காலியெல்லாம் தள்ளினேன். ஒரு ஆள் வாயில ஸ்பூனை வைங்கறான். போய்யா வெளியேன்னு ஷட்டரை இறக்கிட்டேன். நாலு பேர் வேடிக்கை பார்த்தா அவளுக்குப் பிடிக்காது."

பையிலிருந்து ஒரு சின்னத் தலையணையை எடுத்து மடியில் வைத்தார். நீல உறை. ஓரத்தில் கடைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

"வலிப்புன்னு சொன்ன வாரமே வாங்கினது. கவுன்டருக்கு அடியில வெச்சிருந்தேன், அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா கிண்டல் பண்ணியே கொன்னுடுவா. விழறப்ப தலை அடிபடக் கூடாதுன்னு..."

அவர் தலையணையைத் தடவினார்.

"உதறல் சீக்கிரமே நின்னுடுச்சு. அப்புறம் நல்லாக் குறட்டை விட்டா. வந்து போனா தூங்குவாங்க, எழுப்பக் கூடாதுன்னு வீடியோவுல போட்டிருந்தான். ஃபேனை மெதுவா வெச்சுட்டு, யாரும் சத்தம் போடாதீங்கன்னு சொல்லிட்டு, நான் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே இருந்தேன். சாப்பாட்டு நேரம் வரைக்கும் இருந்தேன். எழுந்ததும் கொடுக்கலாம்னு ஜூஸ்கூட வாங்கி வரச் சொன்னேன். அவ எழுந்திருக்கல."

சாப்பாட்டு நேரம் வரைக்கும். அவன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரி கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அவளை உலுக்கியிருக்கலாம். ஒரு போன் பண்ணியிருக்கலாம். வலிப்பு என்று தெரியாதிருந்தால் அந்தத் தெருவில் போகிற எவனும் அதைத்தான் செய்திருப்பான். எல்லாம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்ததால் யாரும் செய்யவில்லை.

"நான் ஒண்ணும் தப்பு பண்ணலையே தம்பி?"

அவளுக்கு வலிப்பே இல்லை அக்கா. நேற்றிலிருந்து பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னதுதான். இவர் ஒருவர்தான், சொன்னால் நம்புவார். நம்பினால் அந்தக் காலை முழுவதையும் திரும்ப ஒரு முறை நினைத்துப் பார்ப்பார். வாழ்நாள் பூரா பார்ப்பார்.

அவன் கீழே கிடந்த டீ டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தான்.

"எந்த வயசுலேர்ந்து தம்பி இருந்துது அவளுக்கு?" என்றார் டீச்சர். "நான் கேட்டதே இல்ல."

"ஆறு வயசுலேர்ந்து."

மூலையிலிருந்து மாமனார்தான் சொன்னார். இருவரும் திரும்பினார்கள்.

"ஸ்கூல்ல காலையில வரிசையா நிக்க வெச்சிருந்தப்ப விழுந்தா. நான்தான் தூக்கிட்டு ஓடினேன். அப்புறம் ரொம்ப வருஷம் வரல. மறைக்கணும்னு இல்ல. போயிடுச்சுன்னு நினைச்சோம்."

தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னார். காலையிலிருந்து மூலையில் உட்கார்ந்து இந்தக் கதையைத்தான் கட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். டிவிக்குப் பக்கத்தில் அவளுடைய பள்ளிக்கூடக் கோப்பை இருந்தது. ஐந்து வருடம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காததற்குக் கொடுத்தது. அதில் அவள் பேனாக்களைப் போட்டு வைத்திருந்தாள்.

மாமனார் அவனைப் பார்த்தார். கெஞ்சலா மிரட்டலா என்று தெரியாத பார்வை. இந்த மனிதர் தன் பெண்ணின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து நின்று குடியை ஜெயித்ததை அதற்கு விலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்காகவே அவர்மீது ஆத்திரம் வந்தது.

"அப்படியா தம்பி?" என்றார் டீச்சர்.

தலையணை அவர் மடியில் இருந்தது. இரண்டு கைகளும் அதன்மேல் இருந்தன.

"ஆமா அக்கா," என்றான். "நீங்க சரியாத்தான் செஞ்சீங்க."

டீச்சர் அதற்குப் பிறகுதான் அழுதார். போகும்போது, "இது கடையில இருந்தா என்னால பார்க்க முடியாது," என்று தலையணையை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

வாடகை நாற்காலிகளை எடுக்க ஆட்கள் வந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வண்டியில் ஏற்றினார்கள். மாமனார் உட்கார்ந்திருந்ததையும் அந்தத் தலையணை இருந்ததையும் மட்டும் நாளைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று விட்டுப் போனார்கள். கூடம் வெறிச்சென்று ஆனது.

"அந்த மாத்திரை," என்றார் மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டு. "கேட்டுதா?"

"கேட்டுது மாமா."

அவர் தலையை மெல்ல ஆட்டினார்.

அவன் சமையலறைக்குப் போய் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தபோது மாமனார் உட்கார்ந்தவாக்கிலேயே தூங்கிப்போயிருந்தார். தலை முன்னால் சரிந்து தொங்கியது. அவன் நீலத் தலையணையை எடுத்தான். கடைச்சீட்டைக் கிழித்தான். அவர் கழுத்துக்கும் சுவருக்கும் நடுவில் அதைச் செருகி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தான். வாய் லேசாகத் திறந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

அவன் தோளைப் பிடித்து அசைத்தான். "மாமா."

கண் திறந்தார். "என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல. தூங்குங்க."

தலையணை இருந்த நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மறுபடி குறட்டை வந்தது. மறுபடி எழுப்பினான்.