பொழுதுபோக்கு அல்ல

மகளின் நோட்டில், கட்டுரைக்குக் கீழே சிவப்பு மையில் இருந்த வரியை அவள் மூன்றாவது முறையாகப் படித்தாள். ‘இது பொழுதுபோக்கு அல்ல. குடும்பத் தொழில். வேறு எழுதி வரவும்.’ விரலில் இருந்த செதில் ஒன்று காகிதத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு நாலாவது முறையும் படித்தாள். எதிரே ஒருவர் தட்டில் மீனை வைத்துக்கொண்டு, “துண்டு கொஞ்சம் பெரிசா போடும்மா” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவள் காதில் விழவே இல்லை.

யாருடைய குடும்பத்துக்கு எது தொழில்? அவளுடைய அப்பா சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவர். மாமனார் சலவைக்கடை வைத்திருந்தவர். கணவன் லாரியில் வாரம் ஐந்து நாள் ஊர் ஊராகச் சுற்றுகிறான். அவளே கூட சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள்தான். கம்பெனியை மூடினார்கள், எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மார்க்கெட்டில் கத்தியைப் பிடித்தாள். மீனை விற்பதுகூட அவள் இல்லை. வாங்கி வருகிறவர்களுக்குச் செதில் உரசி, செவுளைப் பிடுங்கி, குடலை எடுத்து, துண்டு போட்டுக் கொடுப்பாள், அவ்வளவுதான். அவர்கள் பரம்பரையிலேயே ஒரு மீனைத் தண்ணீரிலிருந்து பிடித்த முதல் ஆள், ஐந்தாம் வகுப்புப் படிக்கிற அவள் மகள்.

மார்க்கெட் முழுக்க அந்தப் பெண்ணுக்குச் சில்வண்டு என்று பெயர். வாய் ஓயாது. பள்ளி விட்டதும் வந்து ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதுவதைவிட வேடிக்கை பார்ப்பதே அதிகம். அம்மா மீனின் வயிற்றைக் கீறும்போதெல்லாம் தலையை நீட்டுவாள். “இரும்மா, தூக்கிப் போடாதே. இது என்ன சாப்பிட்டிருக்குன்னு பார்க்கணும்.” குடலைக் குச்சியால் கிளறி, இதன் வயிற்றில் இறால், இதன் வயிற்றில் பாசி என்று நோட்டில் குறித்துக்கொள்வாள். இதற்கெல்லாம் ஒரு நோட்டா என்று அம்மா சிரித்தாள். பிறகு ஒரு நாள் பெரிய கெளுத்தி ஒன்றின் தாடையில் அறுந்த தூண்டில் நரம்போடு முள் ஒன்று சிக்கியிருந்தது. மகள் அதைக் கேட்டு வாங்கி, கழுவி, பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

வீட்டில் ஒட்டடைக் குச்சி காணாமல் போனது. மீன் பெட்டியின் தெர்மாக்கோலில் ஒரு துண்டு நறுக்கி மிதவை ஆனது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ஈர மண்ணில் புழுவே இல்லாத அளவுக்குத் தோண்டி எடுத்தாயிற்று. மார்க்கெட்டின் பின்வாசலைத் திறந்தால் ஏரி. படிக்கட்டு வரை கண்ணுக்குத் தெரியும் என்பதால் இருட்டுவதற்குள் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு அம்மா விட்டாள். ஒரு நிமிஷம் வாயை மூடாத அந்த ஜென்மம், படியில் மணிக்கணக்காக ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பதைக் கத்தியைக் கழுவும் சாக்கில் போய்ப் பார்ப்பாள். இவ்வளவு பொறுமையை இவள் எந்தக் கடையில் வாங்கினாள் என்று ஆச்சரியமாக இருக்கும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

முதல் மீன் கிடைத்த அன்று ஓடி வந்தாள். உள்ளங்கை அகலக் கெண்டையாம். எங்கே என்று அம்மா கேட்டாள்.

“விட்டுட்டேன்.”

“கை நழுவிடுச்சா?”

“இல்லம்மா. பார்த்துட்டு நானாதான் விட்டேன். எப்பவும் விட்டுடப் போறேன்.”

ஐஸ் உடைக்கிறவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நல்லா இருக்கு கதை. மீன் வெட்டுறவங்க பொண்ணு மீனுக்குப் பாவம் பார்க்குதாம்.” சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நாள் முழுக்க ஈரத்தில் நின்று விரல் இடுக்கெல்லாம் வெந்து போகிறவளின் பெண்ணுக்கு வந்த கொழுப்பைப் பார். “விடுறதுக்கா மீன் பிடிக்கிற? அடுத்த தடவை பிடிச்சா ஒழுங்கா வீட்டுக்குக் கொண்டு வா. இல்ல, அந்தக் குச்சியை முறிச்சு அடுப்புல வச்சிடுவேன்” என்றாள். மகள் அப்போதும் விட்டுக்கொண்டுதான் இருந்தாள். அம்மாவும் முறிக்கவில்லை.

இரண்டு மாதம் இப்படிப் போன பிறகுதான் இந்தக் கட்டுரை. ‘என் பொழுதுபோக்கு’. நன்றாக எழுதியதைச் சுவரில் ஒட்டுவார்களாம். அரைப் பக்கம் எழுதவே அழுகிறவள் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். ‘மிதவை முங்கும்போது என் வயிற்றிலும் ஏதோ முங்கும்’ என்று ஒரு வரி. ‘நான் பிடித்த மீன் எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிடுவேன், ஏனென்றால் அவை என்னுடையவை அல்ல’ என்று இன்னொரு வரி. அதற்குக் கீழேதான் அந்தச் சிவப்பு மை. நோட்டை நீட்டியதிலிருந்து சில்வண்டின் சத்தமே இல்லை. இரண்டு நாளாக எந்த மீனின் வயிற்றில் என்ன இருந்தது என்று அவள் கேட்கவில்லை. அம்மாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் கத்தியைப் பக்கத்து மேசைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவிக்கொண்டு, மகள் வந்து ஏரிப் படிக்குப் போனதும், டீச்சர் கிளம்புவதற்குள் நோட்டோடு பள்ளிக்குப் போய் நின்றாள்.

டீச்சர் நல்ல மாதிரிதான் பேசினார். உட்காரச் சொன்னார். “தப்பா எடுத்துக்காதீங்க. பொழுதுபோக்குன்னா தோட்டம் போடுறது, படம் வரையறது, தபால்தலை சேர்க்கிறது. உங்க வீட்டுல இது தினம் நடக்கிற வேலை இல்லையா? மீன்குஞ்சுக்கு யாராவது நீச்சல் கத்துக் கொடுப்பாங்களா?” என்று சிரித்தார்.

“நான் வெட்டுறவ டீச்சர். பிடிக்கிறவ இல்ல. எங்க வீட்டுல ஒருத்தரும் ஏரியில காலைக்கூட நனைச்சதில்ல. அவளுக்கா வந்த ஆசை இது. பிடிச்ச மீனைத் திரும்ப விட்டுடறா.”

“அதையும் படிச்சேன். உங்க வீட்டுப் பொண்ணு மீனை விட்டுட்டு வருதுன்னா யாராவது நம்புவாங்களா? குழந்தைங்க அழகுக்காக எழுதுறதுதான்.”

அப்படியானால் தன் மகள் தொழில்காரி மட்டுமல்ல, பொய்க்காரியும். முகத்தைத் திருப்பியபோதுதான் சுவரைப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு கட்டுரைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. மூன்றாவதின் தலைப்பு ‘மீன் பிடித்தல்’. பக்கத்தில் தங்க நட்சத்திரம்.

எழுந்து போய் நின்று, எழுத்துக் கூட்டி, முழுதும் படித்தாள். டாக்டர் வீட்டுப் பையன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு ஏரிக்குப் போவானாம், பெரிய பெரிய மீனாகப் பிடிப்பானாம், வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லோரும் சாப்பிடுவார்களாம். கீழே ஒரு போட்டோ: விலையுயர்ந்த தூண்டில் ஒரு கையில், மீன் இன்னொரு கையில். மீனைப் பார்த்ததும் அவளுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. செக்கச்செவேலென்று சங்கரா, கடல் மீன். கண் குழிந்து மூன்று நாளாவது ஐஸில் கிடந்திருக்கும். போதாததற்கு வயிற்றில் நீளமாகக் கீறல். குடல் எடுத்துச் சுத்தம் பண்ணிய மீன். கீறலின் வாகைப் பார்த்தால் அவளுடைய கையாகவே கூட இருக்கலாம்.

“இது மட்டும் பொழுதுபோக்கா டீச்சர்?”

“அவங்க ஓய்வு நேரத்துல...”

“என் பொண்ணு மட்டும் ஸ்கூல் நேரத்துலயா பிடிக்கிறா? மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா? இது ஏரி மீனே இல்ல. கடல் மீன். வயித்தைக் கீறிச் சுத்தம் பண்ணி வாங்கிட்டு வந்தது. நல்லாப் பாருங்க, தையல் பிரிஞ்ச மாதிரி தெரியுது.”

டீச்சர் பார்த்தார். காது சிவந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, “அது சின்னப் பையன் ஏதோ ஆசையில செஞ்சது. அதைப் போய்ப் பெரிசு பண்ணலாமா?” என்றார்.

“என் பொண்ணும் சின்னப் பொண்ணுதான்.”

நோட்டை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள். வேறு தலைப்பில் எழுதி வந்தால் கட்டாயம் ஒட்டுகிறேன் என்று டீச்சர் வாசல் வரை வந்து சொன்னார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் மனதுக்குள் சண்டை. இன்னும் என்னவெல்லாம் கேட்டிருக்கலாம் என்பது நடக்க நடக்கத்தான் தோன்றியது. மகளிடம் சொல்ல வேண்டும், நீ எழுதியது சரி, ஒரு எழுத்துக்கூட மாற்றாதே என்று. மார்க்கெட்டுக்குள் நுழைந்து, கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல், பின்வாசலைத் திறந்துகொண்டு படியில் இறங்கினாள். வெயில் இன்னும் தண்ணீரில் இருந்தது. மகள் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து, பின்னால் வைத்திருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினாள்.

“மூணு இருக்கும்மா. போதுமா?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. பையை வாங்கி உள்ளே பார்த்தாள். மூன்று கெண்டைகள். இரண்டு விறைத்துக் கிடந்தன.

“ஏண்டி விடல?”

“நீதானே கொண்டு வரச் சொன்ன. டீச்சரும் தொழில்னுதானே எழுதியிருக்காங்க.” குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. கடையில் சில்லறை சொல்கிற மாதிரி சொன்னாள். டீச்சரை அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அதே கையால் தன்னையும் அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

பைக்குள் மூன்றாவது மீன் வாயைத் திறந்து மூடியது. அவள் கையை விட்டு அதை எடுத்தாள். எட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் மீன் இந்தக் கையில் ஏறி இறங்கியிருக்கும். ஒன்றுகூட உயிரோடு இருந்ததில்லை. அது ஒரு உதறு உதறியதும் பதறிப்போய்க் கீழே விடப் பார்த்தாள். செருப்போடு, புடவையோடு படியில் இறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மீனை அமிழ்த்தினாள். அது நீந்தவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“செத்துடுச்சா?” என்று மகளைக் கேட்டாள்.

மகள் அவள் பக்கத்தில் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். “இல்ல. செவுள் ஆடுது பாரு. நிமிர்த்திப் பிடி. இறுக்காதே. அதுவா போற வரைக்கும் கையை எடுக்காதம்மா.”

மேலே யாரோ மீனை வைத்துக்கொண்டு வெட்டுவதற்கு ஆள் இல்லையா என்று சத்தம் போட்டார்கள். அவள் அசையவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் செவுள் மெல்லத் திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது.