உம் ரம்ஸி காதில் விழாமல்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அம்மான் நகரத்தில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட வந்த மைசூன் சொன்னது. கீழ்வீட்டு அபூ தாரிக்கின் தம்பி மகள். மிஷிகனில் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. தன் கணவன் இஹாபை அங்கே அழைத்துக்கொள்ள மனுப் போட்டவளே அவள்தான். அவனுடைய விசா நேர்காணலில் கூட நிற்பதற்காக விமானம் ஏறி வந்திருந்தாள்.

"கதையெல்லாம் எழுதுவீங்களாமே, இதை எழுதுங்க. அவரை முட்டாளா மட்டும் எழுதிடாதீங்க" என்றாள். அந்த ஒரு நிபந்தனையில் எனக்குப் பாதி உயிர் போகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காலைப் பனியில் தூதரகத்தின் உயரமான சுவர், ஒரு..." சீ, வேண்டாம். இந்தக் கதையில் சுவருக்கு என்ன வேலை?

இரண்டாவது முயற்சி: "மைசூனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஆனால் ஆகவில்லை." இது பரவாயில்லை. விளக்கம் மட்டும் சொல்லியாக வேண்டும்.

2

நிக்காஹ் போன வருஷமே முடிந்தது. ஷேக் வந்தார், கையெழுத்தானது, கோர்ட்டிலும் பதிவாயிற்று. மார்க்கப்படியும் சட்டப்படியும் புருஷன் பெண்டாட்டிதான். ஆனால் ஊரைக் கூட்டி விருந்து வைத்துப் பெண்ணை அனுப்பிவைக்கிற வரைக்கும், எங்கள் தெருவுக்கு அவர்கள் வெறும் நிச்சயம் செய்த ஜோடி. விசா கைக்கு வரட்டும், அப்புறம் விருந்து என்று அபூ தாரிக் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் இஹாப் வந்தால் வரவேற்பறை, காபி, காவலுக்கு ஒரு சித்தப்பா மகன். இரண்டு பேரும் தனியாக ஒரு ஷவர்மா சாப்பிடக்கூட விட்டதில்லை.

ஆனாலும் சாப்பிட்டார்கள். வசந்தகாலத்தில் அவள் லீவில் வந்தபோது, சிநேகிதிகளோடு போகிறேன் என்று பெரியப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, இஹாபோடு அகபா கடற்கரைக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டு வந்தாள்.*

(* ஹோட்டல்காரன் நிக்காஹ் பத்திரத்தைக் கேட்டான், பார்த்தான், சாவியைக் கொடுத்தான். அவனுக்குப் புரிந்தது பெரியப்பாவுக்குப் புரியாது. தெரிந்தால் மிஷிகனில் இருக்கும் அவள் அப்பாவுக்கு அடுத்த நிமிஷமே போன் போகும், அதோடு விருந்தும் போய்விடும்.)

இவ்வளவும் தெரிந்தால்தான் உங்களுக்கு மூன்றாவது பகுதி புரியும்.

3

செல்போன்களைத் தூதரக வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இருவரும் உள்ளே போய் வெகுநேரம் காத்திருந்தார்கள். எண் வந்ததும் இஹாபை மட்டும் ஜன்னலுக்குக் கூப்பிட்டு, மைசூனை வெளிக்கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டார் அதிகாரி. தனித்தனியாகக் கேட்பார்களாம்.

அதிகாரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இளவயதுக்காரர், அரபி படித்தவர், மரியாதையாகப் பேசினார். பேச்சு ஒலிபெருக்கி வழியாக வரும். முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் வேண்டாம் என்றாலும் காதில் விழும்.

இஹாப் வலது கையை உயர்த்தி, உண்மையைச் சொல்வேன் என்று உறுதி சொன்னான். எப்படிச் சந்தித்தீர்கள், அவளுக்கு என்ன வேலை, இப்போது எங்கே தங்கியிருக்கிறாள் என்று கேள்விகள் வந்தன. பெரியப்பா வீட்டில் என்றான். மனைவி உங்களோடு தங்கவில்லையா என்று புருவத்தை உயர்த்தினார் அதிகாரி. இன்னும் விருந்து வைக்கவில்லை என்றான்.

"அப்ப இதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா எங்கயும் தங்கினதே இல்லையா?"

அகபா என்று சொல்ல வாயைத் திறந்தான். பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினால் முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, உம் ரம்ஸி. அபூ தாரிக்கின் பக்கத்து வீட்டம்மா. ஹூஸ்டனில் இருக்கும் மகனிடம் போக விசாவுக்கு வந்தவள். இவனைப் பார்த்ததும் பிரியமாகத் தலையாட்டினாள்.

"இல்ல" என்றான் இஹாப். "எங்கயும் தங்கினதில்ல."

4

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன், இவனை எனக்குப் பிடிக்கவில்லை. பெண்டாட்டி கடல் கடந்து வந்து நிற்கிறாள், ஒரு 'ஆமாம்' சொன்னால் வேலை முடிந்தது. பக்கத்து வீட்டம்மாவுக்குப் பயந்து யாராவது வாழ்க்கையைக் கோட்டைவிடுவார்களா? "இஹாப் ஒரு கோழை" என்று ஒரு வரி எழுதினேன். அடித்தேன். "இஹாப் அவள் பெயரைக் காப்பாற்..." அதையும் பாதியில் விட்டேன்.

மைசூனிடமே கேட்டேன், கோபம் வரவில்லையா என்று. வந்தது என்றாள். அப்புறம் துணியை உதறிக்கொண்டே, "என்னைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாதுன்னு இருந்த மனுஷன். அதுக்கு விசா போனாலும் போகட்டும்னு நெனச்சிருக்கார். அவரை என்ன பண்றது?" என்றாள்.

நானும் இந்தத் தெருவில் பதினைந்து வருஷமாக இருக்கிறேன். அந்த இடத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்று தோன்றியதும் அவன்மேல் இருந்த எரிச்சல் அடங்கிவிட்டது.

5

அவனை வெளியே அனுப்பிவிட்டு மைசூனைக் கூப்பிட்டார்கள். வாசலில் ஒருவரையொருவர் கடந்தபோது இஹாப் கண்ணை நாற்காலிப் பக்கம் உருட்டிக் காட்டினான். நடுவில் காவலாளி. பாவம், பதற்றத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு இவள் நேராக ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

அவளிடம் ஆங்கிலத்தில் பேசினார் அதிகாரி, உம் ரம்ஸிக்குத் தெரியாத மொழி. அதே கேள்வி. ஆமாம், அகபாவில் தங்கினோம் என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு. அவர் உடனே தட்டச்சு செய்வதை நிறுத்தினார். இஹாபையும் கூட்டிவரச் சொன்னார்.

இப்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"ஒரே கேள்விக்கு ரெண்டு பேரும் ரெண்டு பதில் சொல்லியிருக்கீங்க. அரபியிலயே கேக்கிறேன், ரெண்டு பேருக்கும் புரியணும். நீங்க முதல்ல சொல்லுங்க, மேடம். ஒண்ணா தங்கியிருக்கீங்களா, இல்லையா?"

இஹாபைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்ல, "உம் ரம்ஸி" என்றான். அவள் திரும்பினாள். முன்வரிசையில் அந்தம்மா முக்காட்டைக் காதுக்குப் பின்னால் சரிசெய்துகொண்டிருந்தாள்.

இல்லை என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மழுப்பலாம். பெயர் தப்பிக்கும். ஆனால் மனுப் போட்டவளே பொய் சொன்னாள் என்றாகும், கல்யாணமே நாடகம் என்று முடிவுகட்டிவிடலாம். (இந்த வழியிலும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அவள் தனியாக விமானம் ஏறினாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டேன்.)

மைசூன் அரபியில், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "தங்கினோம். அகபாவுல. ஒரே ரூம்ல. இவர் என் புருஷன்."



"அப்ப நீங்க ஏன் இல்லைன்னு சொன்னீங்க?" அதிகாரி இஹாபிடம் கேட்டார்.

அவன் முகம் சிவந்துபோய் நின்றான். "பின்னாடி உக்காந்திருக்காங்களே, அவங்க இவளோட பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்து வீடு, சார்."

அதிகாரி தலையைச் சாய்த்து உம் ரம்ஸியைப் பார்த்தார். உம் ரம்ஸி மேற்கூரையைப் பார்த்தாள்.

6

இனி முடிவு. அதை மட்டும் சொல்லாமல் மைசூன் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு மாடியிறங்கிவிட்டாள். அதிகாரி சிரித்துவிட்டு, நல்வாழ்த்துகள் என்று சொல்லி இஹாபின் பாஸ்போர்ட்டை எடுத்துவைத்துக்கொண்டதாக ஒன்று எழுதினேன். சிரிக்காமல், உறுதி சொல்லிவிட்டுப் பொய் சொன்னீர்கள், அது பெரிய விஷயம் என்று பாஸ்போர்ட்டைத் திருப்பித் தள்ளியதாக இன்னொன்று. இரண்டும் நடக்கக்கூடியதுதான். எதில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை என்று கேட்டால், இரண்டிலும்தான்.

அதனால் நீங்கள் வாருங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்காருங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறது. எதிரே இரண்டு பேர் நிற்கிறார்கள், அவன் பொய் சொன்னவன், அவள் உண்மையைச் சொன்னவள், இரண்டும் ஒரே காரணத்துக்காக.

நிதானமாக யோசியுங்கள், அவசரமில்லை. அவசரப்பட்டவள் உம் ரம்ஸிதான். தன் எண் வருவதற்குக்கூடக் காத்திராமல் எழுந்து வெளியே போய், அபூ தாரிக் வீட்டுக்கு டாக்ஸி பிடித்துவிட்டாள்.