இந்தக் கவுண்டருக்கு மட்டும்

சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய தம்போய் கடைவரிசையில், தன் பணமாற்றுக் கடையின் சுவரில் தொங்கிய லைசன்ஸை ருமானா ஸ்டூல் மேல் ஏறித் தானே கழற்றினாள். பின்னாலிருந்து ஒரு பல்லி பதறியடித்து ஓடியது. அத்தா காலத்துப் பல்லியாக இருக்கும். அவள் நானா என்று கூப்பிடும் அண்ணன் நவ்சாத் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்திருந்தான். பிடித்திருந்தானே தவிர வாய் சும்மா இருக்கவில்லை.

“இன்னும் டைம் இருக்கு லா, ருமானா. எல்லாம் எங்க நானாதான் பண்ணாரு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துரு. கடை தப்பிச்சுரும்.”

“உங்களப் புடிச்சுக் குடுத்துட்டு நான் கல்லாவுல உக்காரணுமா, நானா? நல்லா இருக்கே கதை!”

லைசன்ஸ் இந்தக் கவுண்டருக்கு மட்டும்தான். நவ்சாத்தோ, விடியற்காலையில் சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் நிற்கும் இடத்துக்கே பையைத் தூக்கிக்கொண்டு போய் மாற்றிக் கொடுத்தான். வேலை முடிந்து அவர்கள் திரும்பும்போது கடை மூடியிருக்குமே, பாவம் என்று நினைப்பு. ஊருக்கெல்லாம் நல்ல பிள்ளை! எவனோ படம் எடுத்து அனுப்பிவிட்டான். போன வாரம் மத்திய வங்கி லைசன்ஸை நிறுத்திவைத்து, ஏன் ரத்து செய்யக்கூடாது என்று விளக்கம் கேட்டது. விளக்கம் என்ன விளக்கம்? தினமும் அந்தப் பையைக் கட்டிக் கொடுத்தவளே ருமானாதான். தெரியாது என்று எழுதினால் கடை மிஞ்சும், அண்ணன் கோர்ட் வாசலில் தனியாக நிற்பான். அவர்கள் பிடுங்கும் முன் தானே ஒப்படைத்துவிடுவது என்று முடிவெடுத்தாள். நடந்ததை நடந்தபடியே, இருவர் பெயரையும் போட்டு எழுதியாயிற்று. கையெழுத்துப் போட்டதும் அழுகை வந்தது, அழுது தீர்த்தாள். அப்புறம் பசித்தது, இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டாள்.

லைசன்ஸைப் பையில் வைக்கும்போது, பாதி திறந்திருந்த ஷட்டருக்குள் குனிந்து வெள்ளையம்மா வந்தாள். சிங்கப்பூரில் ஆபீஸ் துப்புரவு வேலை. மாதாமாதம் சம்பளத்தை இங்கேதான் மாற்றுவாள். கவுண்டர் கண்ணாடிக்கு அடியிலிருந்த இடுக்கில் கைக்குட்டை முடிச்சைத் தள்ளினாள். பழக்கத்தில் முடிச்சை அவிழ்க்கப் போன ருமானாவின் கை அப்படியே நின்றது.

“இனிமே மாத்த முடியாதுக்கா. லைசன்ஸத் திருப்பிக் குடுக்கப் போறோம்.”

“அலமாக்! எதுத்த கடைக்காரன் மூஞ்சிய நான் பாத்ததுகூட இல்லையே! இந்த ஒரு வாட்டி மட்டும் பாரும்மா.”

“ஒரு வாட்டி, ஒரு வாட்டின்னுதான் இவ்வளவும் ஆச்சு. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.”

“அந்தாளு கடைக்கா?” என்றான் நவ்சாத். எதிர்ப்பக்கப் பணமாற்றுக் கடை ஜெய்னுலாபுதீனும் அத்தாவும் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசியதில்லை. ருமானா அந்தப் படியை மிதித்ததே கிடையாது. இன்று வெள்ளையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று சாலையைக் கடந்தாள்.

அவளைப் பார்த்ததும் ஜெய்னுலாபுதீன் எழுந்து பக்கக் கதவைத் திறந்தார். “உள்ள வந்து உக்காரும்மா.”

“இருக்கட்டும் மாமா. நாங்க கஸ்டமர்.”

கண்ணாடிக்கு வெளியே நின்று கைக்குட்டை முடிச்சை உள்ளே தள்ளினாள். அந்த இடுக்கு இவ்வளவு சின்னது என்று இத்தனை வருஷம் உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிந்ததே இல்லை. திரும்பிப் பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம், பாதி ஷட்டருக்குக் கீழே, நவ்சாத்தின் கால்களும் கைகளும் ஸ்டூலும் மட்டும் தெரிந்தன. அதன் மேல் யாரும் இல்லை. அவன் இன்னும் பிடித்துக்கொண்டே நின்றான்.