நாலு ஆரஞ்சு, ஒரு கிளாஸ்

அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: ஜன்னலோர நாற்காலியில் அப்பா, வலது காலை ஒரு தலையணை மேல் நீட்டிக்கொண்டு. சுவரில் சாய்ந்தபடி அண்ணன், ஜூஸ் கடை முதலாளி. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், எந்தப் பக்கமும் சேராமல், அண்ணி. மேஜையருகே அக்கா. அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, நாள் முழுக்க அடுத்தவர் விரலில் ஊசி குத்துவது. கதவுப் பக்கம் நான். இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தேன். இன்னும் பல்கூடத் தேய்க்கவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை. கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் ஓரம் கறுத்துப் போயிருந்தது. அடுத்த முறை வருவதற்குள் சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போவது அண்ணன்தான். "பழம் சாப்பிடலாம்னு சொன்னாரு" என்று வந்து எங்களுக்குச் சொன்னதும் அவன்தான்.

பழம் என்றால் அண்ணனுக்கு ஜூஸ். கடை வாசலில் அப்பாவை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, கையில் கிளாஸைக் கொடுத்துவிடுவான். வருகிறவர்களிடம் அப்பாவே சொல்வார்: "எனக்குச் சுகர் இருக்கு. தினமும் இதுதான் குடிக்கிறேன். ஒரு சொட்டு சர்க்கரை போடறதில்ல. பாருங்க, எப்படி இருக்கேன்." கட்டுப்போட்ட காலை ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொள்வார். ஜனங்கள் வாங்கினார்கள். சுகர் உள்ளவர்கள்தான் அதிகம் வாங்கினார்கள்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. வேலையிலிருந்து நின்ற பிறகு அவர் பேச்சை யாரும் நின்று கேட்டதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்ததும் கேட்டார்கள். குறை சொல்ல வேறு ஆள் இருந்தான்.

அக்கா இரண்டு நாள் சோதனை வைத்தாள். காலையில் வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில். முதல் நாள் பழம், மறுநாள் ஜூஸ். ஒரு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்ப்பது. கடையில் ஒரு பெரிய கிளாஸுக்கு நாலு ஆரஞ்சு போகும். அதனால் முதல் நாளும் தட்டில் நாலு ஆரஞ்சு உரித்து வைத்தாள். அண்ணன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். ஜூஸ் தப்பு என்று வந்தால் அப்பாவுக்கு இனிமேல் ஒரு சொட்டும் கொடுப்பதில்லை என்று வாக்கும் கொடுத்தான்.

முதல் நாள் அப்பா ஒன்றரைப் பழம் சாப்பிட்டார். சுளை சுளையாக மென்று, கொட்டையைக் கையில் துப்பி, நடுவில் இரண்டு முறை தண்ணீர் கேட்டார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டார்.

"போதும்மா. வயிறு நிறைஞ்சிருச்சு."

"இன்னும் ரெண்டரை இருக்கேப்பா," என்றான் அண்ணன்.

"நீ சாப்பிடு."

அண்ணன் அக்காவைப் பார்த்தான். "முழுசா சாப்பிடல. உன் டெஸ்ட் செல்லாது."

"அதுதான் டெஸ்ட்டே," என்றாள் அக்கா.

அன்று சர்க்கரை மீட்டரில் வந்த எண் பயப்படும்படி இல்லை.

மறுநாள் ஜூஸ். அண்ணன் கடையிலிருந்து இயந்திரத்தையே தூக்கி வந்திருந்தான். நாலு ஆரஞ்சு உள்ளே போயின. சக்கை பின்பக்கமாகக் கீழே இருந்த வாளியில் சொத்சொத்தென்று விழுந்தது. முன்பக்கம் கிளாஸ் நிறைந்தது. அப்பா வாங்கினார், அண்ணாந்தார், வைத்தார். அண்ணன் இயந்திரத்தின் ஒயரைச் சுருட்டி முடிக்கவில்லை, கிளாஸ் காலி.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார் அப்பா.

ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அண்ணி எல்லாருக்கும் காபி கொடுத்தாள். என்னுடையது மட்டும் குடிக்காமலே ஆறிப்போனது.

"தம்பிக்குத் தூக்கம் வருது போல," என்றாள்.

"ஆந்தைக்குப் பகல்ல கண்ணு தெரியாது," என்றான் அண்ணன். இரவு வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவனுக்கு நான் ஆந்தை. அதற்கு முன்னால் காலேஜைப் பாதியில் விட்டவன். அவனிடம் எனக்கு எப்போதும் ஒரு பெயர் இருக்கும்.

அக்கா குத்தினாள். மீட்டர் கூவியது. அவள் எண்ணை வாயால் சொல்லவில்லை. மீட்டரைத் திருப்பி முதலில் அண்ணனுக்குக் காட்டினாள், பிறகு அண்ணிக்கு, பிறகு எனக்கு. அப்பாவுக்குக் காட்டவில்லை. அவர் எங்கள் முகங்களில் படித்துக்கொண்டார்.

"மீட்டர் பழசா இருக்கும்," என்றாள் அண்ணி.

"நேத்து நல்லா இருந்துச்சே அண்ணி," என்றாள் அக்கா.

"பழம்தானே ரெண்டும்? பல்லு செய்யற வேலைய மிஷின் செய்யுது, அவ்வளவுதானே?"

அக்கா வாளியை இழுத்துக் காட்டினாள். "ஜூஸ்ல வைட்டமின் இல்லன்னு நான் சொல்லல. பெரும்பாலும் அதுலயும் இருக்கு. ஆனா நார் எல்லாம் இங்க கிடக்கு. அதோட சேந்து போனா சர்க்கரை மெதுவா ஏறும், வயிறும் போதும்னு சொல்லும். இது இல்லாம நாலு பழத்துச் சர்க்கரையும் ஒரே மடக்குல உள்ள போகுது. நாலு பழம் அப்பாவால சாப்பிட முடியாதுன்னு நேத்தே பாத்தீங்க. கடையில எத்தனை கிளாஸ் குடிக்கிறாரு?"

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அதுதான் எனக்குப் பிடிபட்டது. மீட்டரைப் பார்த்தபோதும் அவன் புருவம்கூட அசையவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியும்," என்றேன்.

"உளறாத."

"டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு? முழுசா சொல்லு."

"பழம் சாப்பிடலாம்னு சொன்னாரு."

"அப்புறம்?"

அண்ணி தரையைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "ரெண்டு துண்டு பழம் குடுங்க, ஜூஸ் வேணாம்னு சொன்னாரு. போதுமா? சொன்னாருதான். டாக்டரா வந்து என் கடைக்கு வாடகை கட்டுவாரு? அப்பா உக்காந்த பிறகுதான்டா அங்க கூட்டமே. அதுக்கு முன்னாடி ஈ ஓட்டிட்டு இருந்தேன். நீ ஒருநாளாவது வந்து எட்டிப் பாத்தியா?"

"அதுக்கு அவர் விரலைக் குடுக்கணுமா?"

"விரல் போகும்னு யாரு சொன்னா? போகலாம்னுதான் சொன்னாரு."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்திருந்தால் பேச்சு என் கையைப் பற்றியதாக மாறியிருக்கும். அண்ணி அதைத்தான் எதிர்பார்த்து அவன் பக்கம் ஓர் அடி நகர்ந்தாள். நான் கைகளைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"அவன் மேல தப்பில்ல," என்றார் அப்பா. "நான்தான் விரும்பிக் குடிச்சேன்."

"உங்களுக்குச் சொன்னானாப்பா, டாக்டர் வேணாம்னு சொன்னத?" என்று கேட்டேன்.

அப்பா தலையணை மேலிருந்த காலைப் பார்த்தார். சொல்லவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. பிறகு அண்ணனைப் பார்த்து, கடையில் வேலை கேட்டு வந்தவர் மாதிரி ஒன்று கேட்டார். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"நான் வந்து உக்காந்துக்கறேன்பா. குடிக்காம கிளாஸ மட்டும் கையில வச்சுக்கறேன். எப்பவும் பேசற மாதிரி பேசறேன்."

அண்ணன் அதை யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "குடிக்கறதப் பாத்தாத்தான் வாங்கறாங்கப்பா. வெறும் கிளாஸ வச்சிருந்தா நம்ப மாட்டாங்க."

"வாட்ச்மேன் மாதிரி இருக்கும் மாமா," என்றாள் அண்ணி. கிண்டலுக்குச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னாள்.

"உன் ஜூஸ நம்பிக் குடிக்கிற மத்த சுகர்காரங்க?" என்று கேட்டேன்.

"அவங்க கால் அவங்க பாடு."

அக்கா மீட்டரை உறையில் போட்டு மூடினாள். "அப்பா, கிளம்புங்க. என் வீட்டுக்குப் போலாம். கட்டில் ஒண்ணு சும்மாதான் கிடக்கு."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்வாரு?"

"நான் சொல்றத அவர் சொல்வாரு. எழுந்திருங்க."

அப்பா எழவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காகப் பார்க்கிறார் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். "இருங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்ற ஒரு வரிக்காக. பொய்யாகச் சொல்லியிருந்தாலும் அவர் இருந்திருப்பார்.

"போறதுன்னா சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க," என்றான் அண்ணன். "கடை திறக்க நேரமாச்சு. ஸ்டூலுக்கு வேற ஏற்பாடு பண்ணணும்."

அவரது துணிகளை அக்கா ஒரு பையில் திணித்தாள். நான் அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். அப்பா எடை குறைந்திருந்தார். எவ்வளவு குறைந்திருந்தார் என்பது தூக்கும்போதுதான் தெரிந்தது. வலது குதிகாலை மட்டும் ஊன்றி, என் தோளில் பாரம் போட்டு, வாசல்வரை நடந்தார். அங்கே நின்று திரும்பாமலே சொன்னார்:

"மத்தியானம் கூட்டம் வரும். கூட ஒரு ஆளப் போட்டுக்கோ."

நாங்கள் வெளியே வந்தோம். அப்பாவின் கட்டுப்போட்ட கால் படியில் இறங்கியதும் எங்களுக்குப் பின்னால் அண்ணன் கதவைச் சாத்தினான். பிறகு உள்ளிருந்து சாவியைத் திருப்பிப் பூட்டினான்.