ஹெட்போனில் கேட்ட குரல்

சிறைக்குள் நடக்கும் பாலியல் கொடுமைகளைக் கணக்கெடுக்க அரசாங்கம் மானியம் கொடுத்திருந்தது. கைதிகளில் பலருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் கேள்விகளைப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்க வைத்தார்கள். ஆமாம் என்றால் பச்சைப் பொத்தான், இல்லை என்றால் சிவப்பு. காவலர் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது மானியத்தின் விதி. கணக்கெடுக்க வந்தவள் அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வார்டரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டாள்.

காலையிலிருந்து சிவப்புதான். ஹெட்போனை மாட்டியதும் ஒவ்வொருவனும் முதுகை நிமிர்த்தினான், கேள்வி முடியும் முன்பே அமுக்கினான், போனான். அவளுக்குக் கொட்டாவி வந்தது.

சமையல் வேலை பார்க்கும் கைதி மட்டும் பொத்தானைத் தொடாமல் ஹெட்போனைக் கழற்றினான்.

"என்ன, சரியா கேக்கலையா?"

"நல்லாவே கேக்குது மேடம். இது எங்க வார்டர் குரல்தானே?"

அவர் குரல்தான். கேள்விகளைப் படித்துப் பதிவு செய்ய வெளியாள் என்றால் செலவு என்று சிறை அலுவலகமே ஆள் கொடுத்தது. கணீரென்று இருக்கிறதே என்று அவளும் தலையாட்டியிருந்தாள்.

"உன்ன யாராச்சும் கட்டாயப்படுத்துனாங்களான்னு அவரே கேக்குறாரு," என்றான், குழம்பில் உப்பு குறைகிறது என்பது போல. "அவருக்குத் தெரியாதா மேடம்?"

அவள் வாய் திறப்பதற்குள் கதவுக்கு வெளியே அதே குரல் கேட்டது.

"முடிஞ்சுதா மேடம்?"

அவன் சிவப்பை அமுக்கிவிட்டு எழுந்தான்.