விளி வேற்றுமை

ராசாங்கம் ரீகாவில் எஞ்சினியரிங் படிப்பை முடித்து 1981இல் ஆண்டிமடத்துக்குத் திரும்பியபோது மனைவி இல்ஸேயையும் கூட்டி வந்தான். அவள் லாட்வியாக்காரி. லாட்வியா அப்போது சோவியத் யூனியனுக்குள் இருந்ததால் ஊர் ‘ரஷ்யாக்காரி’ என்றது. மாமியார் குஞ்சம்மாள் ‘எலிசு’ என்றாள்.

அங்கே பல்கலைக்கழகத்தில் இல்ஸே பாலி மொழி படித்தவள். புகைக்குத் தன் மொழியில் ‘தூமி’, பாலியில் ‘தூம’ என்று நூலகத்தில் ஒருநாள் தோழியிடம் வியந்து கொண்டிருந்தபோது, “அது எங்க தமிழுக்கும் வந்து சேந்துருக்கே, தூமம்னு” என்றான் பக்கத்து மேசைக்காரன் ராசாங்கம். பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

லாட்வியமும் பாலியும் ஒரே தொல்மொழியில் கிளைத்தவை. வேற்றுமைக்கு ஏற்பப் பெயரின் கடைசி எழுத்து மாறும். பாலியில் மகன் ‘புத்தோ’. அவனையே அழைத்தால் ‘புத்த’. லாட்வியத்தில் ராசாங்கத்தைப் பற்றிப் பேசினால் ‘ராசாங்கம்ஸ்’. கூப்பிடும்போது மட்டும் அந்த ‘ஸ்’ உதிர்ந்துவிடும்.

“அப்ப நீ கூப்புடும்போதுதான் நான் நானா இருக்கேன்” என்று சிரிப்பான்.

அரியலூரில் வேலை கிடைத்த மறு வருஷம் அவனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லிக்குக் கேட்கவில்லை. திருச்சிக்குக் கொண்டுபோவதற்குள் நினைவு தப்பிவிட்டது. பிணமாகத்தான் வீடு திரும்பினான்.

வாசலில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் மாரடித்து அழ, இல்ஸே மட்டும் அழாமல் அவன் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். குஞ்சம்மாள் அவள் தோளை உலுக்கினாள்.

“ஒரு தடவ கூப்புடேன் எலிசு. நான் கூப்புட்டா எந்திரிக்க மாட்டேங்குறான். உன் கொரலக் கேட்டா எந்திரிப்பான் ஆயி!”

இல்ஸே வாயைத் திறந்தாள். “ராசாங்கம்ஸ்” என்று வந்தது.

திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எதிரில் இருந்தவனை, இனிமேல் பேச்சில் மட்டுமே இருப்பவனாக அவள் நாக்கே ஆக்கிவிட்டிருந்தது. மறுபடி முயன்றாள். ‘ஸ்’ உதிரவில்லை. அப்போதுதான் உடைந்து அழுதாள்.

“பாவம், புருசன் பேருகூட வாயில நொழையல” என்றாள் பங்காளி வீட்டு ஆண்டாயி. அப்படியில்லை என்று விளக்க இல்ஸேயிடம் தமிழ் போதவில்லை.

விசாவை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள். கார்த்திகையில் கிளம்பினாள். அரியலூர் ஸ்டேஷனில் குஞ்சம்மாள் முந்திரிப்பருப்புப் பையை அவள் மடியில் வைத்து, “போறேன்னு சொல்லக் கூடாது ஆயி. போயிட்டு வரேன்னு சொல்லு” என்றாள்.

“போயிட்டு வரேன், அத்தை.”

வரப்போவதில்லை என்பது இருவருக்குமே தெரியும். ரயில் நகர்ந்தபோது குஞ்சம்மாள் ஜன்னல் கம்பியை விடாமல் கொஞ்ச தூரம் கூடவே ஓடினாள்.