டப்பாவுக்குள் ஒரு பாலம்

அண்ணிக்குத் தொட்டியில் எச்சில் தட்டு ஒன்று கிடந்தாலும் இருப்புக் கொள்ளாது. சாப்பிட்டவர் வாய் கொப்பளித்துத் திரும்புவதற்குள் தட்டு கழுவித் துடைத்துக் கவிழ்க்கப்பட்டிருக்கும். "இன்னும் கொஞ்சம் உக்காந்திருந்தா என்னையும் கழுவிக் கவுத்திருவா" என்று அவள் கணவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அந்தச் சுத்தம் ஒருநாள் முழுதாக ஒரு பாலத்தையே துடைத்துப் போடும் என்று அவனும் நினைக்கவில்லை.

அவளுக்கு ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிற வேலை. அது போதாதென்று வீட்டிலும் ஒரு சர்வர். கூடத்தில் செருப்பு அலமாரியின் மேல், கீல் உடைந்து, பேட்டரி செத்துப்போன ஒரு பழைய லேப்டாப். அதில் ஒரு விளையாட்டு ஓடியது. கட்டை கட்டையாக இருக்கும் ஓர் உலகம். கல் வெட்டலாம், மரம் வெட்டலாம், எதையும் கட்டலாம். ஆடுகிறவர்கள் இரண்டே பேர், அவளும் அவளுடைய நாத்தனாரும்.

நாத்தனார் நிஜத்திலேயே பாலம் கட்டுகிறவள். சைட் இஞ்சினியர். படித்து முடித்த நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுவேதான் பெயர். வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, தொடையெலும்பில் பிளேட் வைத்து, வேறு ஊரில் அம்மா வீட்டுக் கட்டிலில் கிடந்தாள். அதுவரை அண்ணிக்கும் அவளுக்கும் நடுவே 'சாப்டீங்களா', 'சாப்டேன்' என்பதற்கு மேல் பேச்சு ஓடியதில்லை. சண்டை ஒன்றுமில்லை, ஒட்டவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் யார் வந்தாலும் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்ததைக் கண்டபோது அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. ஊர் திரும்பிய அன்றே பழைய லேப்டாப்பைத் தூசி தட்டினாள்.

"கன்டெய்னர்ல ஓட்டுறேன்னீங்களே அண்ணி, கப்பல்ல போகுமே, அதா?" என்று போனில் கேட்டாள் இஞ்சினியர்.

"அதுக்குத் தம்பின்னு வெச்சுக்கோ. மூடி போட்ட டப்பா மாதிரி. வெளையாட்டுக்கு வேண்டியது எல்லாம் உள்ளயே இருக்கும், லேப்டாப்புல வேற எதையும் தொடாது. வேண்டாம்னா டப்பாவோட தூக்கிப் போட்டுடலாம். ஒரு பொட்டு குப்பை மிஞ்சாது."

கடைசி வாக்கியத்தைப் பெருமையாகத்தான் சொன்னாள், பாவம்.

அந்த உலகத்தில் ஓர் ஆறு இருந்தது. இஞ்சினியர் அதைப் பார்த்ததும் பாலம் கட்டத் தொடங்கிவிட்டாள். ஒன்றை மட்டும் அண்ணி கவனித்தாள்: அவள் தரையை விட்டு ஏறவே மாட்டாள். தூணுக்கு மேல் கல் வைக்க வேண்டுமென்றால், "மேல நீங்க போங்க அண்ணி, எனக்கு இங்கருந்து பாத்தாதான் அளவு தெரியும்" என்பாள். பொம்மை உலகம், விழுந்தால் பொம்மைதான் விழும், அடுத்த நொடி எழுந்து வந்துவிடும். ஆனாலும் ஏறவில்லை. அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

கம்பெனியிலிருந்து இஞ்சினியருக்குப் போன் வந்துகொண்டிருந்தது. சைட்டுக்குத் திரும்புகிறாயா, இல்லை ஆபீஸில் நாற்காலி போடட்டுமா என்று. "பாலம் முடியட்டும், அப்புறம் சொல்றேன்" என்று அவள் எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள். மாமியார் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணிக்கு மட்டும் அது விளையாட்டுப் பேச்சில்லை என்று தெரியும். அவள் கல்லை வேகமாக அடுக்கினாள்.

பாலம் அக்கரையைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்த வாரக் கடைசியில் அண்ணி கடைக்குப் போய்த் திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. லேப்டாப் விசிறியின் இரைச்சல் இல்லை.

"அதை என்ன பண்ணீங்க?" என்று கணவனிடம் கேட்டாள்.

"நெருப்பா கொதிச்சுதும்மா. பாவம், நீ தூசி தட்டி வெச்சதுலேருந்து ஓடுது. ஒழுங்காத்தான் ஷட்டவுன் பண்ணேன், புடுங்கல்லாம் இல்ல. கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்னு..."

அண்ணி பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். லேப்டாப் எழுந்தது. டப்பாக்களின் பட்டியலைக் கேட்டாள். ஒன்றுமில்லை. பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் நாள், ஓடுகிறதா என்று சும்மா பார்ப்பதற்காகத் தொடங்கிய டப்பா அது. நின்றதும் தன்னைத்தானே அழித்துக்கொள் என்று ஒரு சொல்லைக் கட்டளையோடு சேர்த்திருந்தாள். எல்லாவற்றிலும் சேர்ப்பாள்; எச்சில் தட்டைப் போலத்தான், நின்றுபோன டப்பாக்கள் கிடந்தால் அவளுக்குப் பிடிக்காது. உலகத்தை டப்பாவுக்கு வெளியே ஒரு போல்டரில் வைத்திருந்தால் டப்பா போனாலும் உலகம் இருந்திருக்கும். ஆபீஸில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் வாய் வலிக்கச் சொல்லிக்கொடுப்பாள். வீட்டில், அப்புறம் செய்யலாம் என்று விட்டவள் விட்டவள்தான். இடையில் ஒரு முறைகூட அது நின்றதில்லை, குட்டு வெளிப்பட.

கணவன் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தான் கெடுத்தேன்னு அவகிட்ட சொல்லிடு. என் தங்கச்சிதானே, ரெண்டு திட்டு திட்டுவா, வாங்கிக்கிறேன்."

வழி நன்றாகத்தான் இருந்தது. 'உங்க அண்ணன் அணைச்சுட்டார்' என்று அண்ணி டைப் செய்தும்விட்டாள். பிறகு அழித்தாள். 'கரண்ட் போச்சு' என்று எழுதிப் பார்த்தாள். அதையும் அழித்துவிட்டு, போன் போட்டாள்.

"பாலம் போயிடுச்சும்மா. என் தப்பு. உங்க அண்ணன் லேப்டாப்பத்தான் அணைச்சாரு. அழியற மாதிரி வெச்சிருந்தது நான்."



"எல்லாமேவா?"

"எல்லாமே."

"சரிங்க அண்ணி" என்றாள் இஞ்சினியர். போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். அந்தச் 'சரிங்க' பழைய 'சாப்டேன்' மாதிரியே இருந்தது. அண்ணி செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். கணவன் கூடவே உட்கார்ந்தான், பையிலிருந்து சிதறிய வெங்காயத்தைப் பொறுக்கி மறுபடி உள்ளே போட்டுக்கொண்டிருந்தான்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு சர்வரை மறுபடி எழுப்பினாள். இந்த முறை உலகம் டப்பாவுக்கு வெளியே, தனிப் போல்டரில். அதற்கு ஒரு நகல், நகலுக்கு இன்னொரு நகல். அந்த அழிக்கிற சொல்லைச் சேர்க்கவில்லை. உலகத்துக்கென்று ஒரு விதை எண் உண்டு; முதல் நாள் அவளே கொடுத்தது. அதே எண்ணைக் கொடுத்தால் மலையும் ஆறும் அப்படியே முளைக்கும், மனிதர் கட்டியது மட்டும் வராது. உள்ளே போய்ப் பார்த்தாள். அதே ஆறு, அதே வளைவு, கரை மட்டும் வெறுமையாக இருந்தது. 'ஆறு அப்படியே இருக்கு, சர்வர் ஓடுது' என்று செய்தி அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

மறுநாள் ஆபீஸில் வேலை ஓடவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் சாப்பிடாமல் வீட்டு சர்வரின் பதிவுகளை எட்டிப் பார்த்தாள். உள்ளே யார் வந்தார், யார் போனார், யாருக்கு என்ன ஆனது எல்லாம் அதில் வரிவரியாக விழும்.

இஞ்சினியர் உள்ளே வந்தார் என்று இருந்தது. காலையிலேயே.

அதற்குக் கீழே: இஞ்சினியர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார்.

அண்ணிக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. அந்தப் பெண் விழுந்தாள் என்று எங்கே படித்தாலும் அவளுக்கு அப்படித்தான் ஆகும். அடுத்த வரியைப் பார்த்தாள். உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். அதற்கடுத்ததும் அதே. கீழே போகப் போக அதே வரிதான். நடுவில் ஒரு இடத்தில் ஆற்றில் மூழ்கியிருந்தாள். பிறகு மறுபடியும் உயரத்திலிருந்து.

மேலே போக அண்ணி அங்கே இல்லை. யாருமே இல்லை. அவளாகத்தான் ஏறிக்கொண்டிருக்கிறாள், விழ விழ.

அண்ணி திரையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து மேஜைப் பையன் பயந்துபோய், "என்ன மேடம், ஏதாவது சர்வர் போயிடுச்சா?" என்றான். "இல்லப்பா, நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் பசித்தது. வாய் நிறைய அள்ளிச் சாப்பிட்டாள்.

மாலை செருப்பைக்கூட ஒழுங்காக வைக்காமல் உள்ளே ஓடி விளையாட்டைத் திறந்தாள். ஆற்றுக்குள் ஒரு தூண் எழும்பியிருந்தது. அதன் உச்சியில், விளிம்போடு விளிம்பாக, சின்ன உருவம் ஒன்று நின்றது. போன் அடித்தது.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. பழைய பாலத்துல நீங்க வெச்ச கல்லு பாதி கோணல். வாய் வரைக்கும் வந்து முழுங்கிட்டே இருந்தேன்."

"அடிப்பாவி! இத்தன நாளா?"

"நீங்க ஆசையா ஏறுறீங்கன்னு விட்டுட்டேன்."

"உனக்காகத்தான்டி ஏறினேன்" என்றாள் அண்ணி. வாயிலிருந்து வந்தேவிட்டது.

"தெரியும் அண்ணி" என்றாள் இஞ்சினியர். "அங்கருந்தே கல்லு எடுத்துக் குடுங்க. மேல நான் பாத்துக்கிறேன்."

அண்ணி கல் வெட்டப் போனாள். தொட்டியில் காலைத் தட்டுகள் கிடந்தன. கணவன் அவற்றையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சத்தம் போடாமல் போய்க் குழாயைத் திறந்தான்.